ஹெட்செட் பேரிங்கில் தண்ணீர் எப்படிப் புகுகிறது, துருவை எப்படித் தடுப்பது

மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள், பிரேக் பேட் தேய்ந்துவிட்டதா என்று குனிந்தும் பார்ப்பார்கள். ஹேண்டில்பார் திரும்ப இடம் கொடுக்கும் ஹெட்செட்டைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. அது ஃப்ரேமுக்குள் ஒளிந்திருக்கிறது. கெட்டுப்போகும்போதும் பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கையில் ஏதோ நறநறவென்று தட்டுப்படும் நாளில், உள்ளே துரு பாதி வேலையை முடித்திருக்கும்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையிலிருந்து ஒரு குழாய் மேல்நோக்கி நீள்கிறது. அதற்கு ஸ்டியரர் என்று பெயர். ஃப்ரேமின் முன்முனையில் இருக்கும் குட்டையான குழாய் ஹெட் டியூப். ஸ்டியரர் இந்த ஹெட் டியூபுக்குள் கீழிருந்து நுழைந்து மேலே எட்டிப் பார்க்கும். அந்த மேல்முனையைத்தான் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் கவ்விப் பிடிக்கிறது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஆட்டமில்லாமலும் இறுக்கமில்லாமலும் திரும்ப வேண்டுமானால் இடையில் பேரிங் வேண்டும். ஹெட் டியூபின் மேல்வாயில் ஒன்று, கீழ்வாயில் ஒன்று. இந்த இரண்டு பேரிங்குகளும், அவற்றைச் சுற்றியுள்ள கப், மூடி, வளையங்களும் சேர்ந்ததே ஹெட்செட்.

பழைய சைக்கிள்களில் கப்புக்குள் பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து அடுக்கியிருப்பார்கள். இன்றைய மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் பேரிங்தான்: வெளிவளையம், உள்வளையம், நடுவில் எஃகுக் குண்டுகள், மேலும் கீழும் நீரையும் தூசியையும் தடுக்கும் மெல்லிய சீல். எல்லாம் ஒரே துண்டாகக் கையில் வரும். பெரும்பாலான பைக்குகளில் ஸ்டியரர் மேலே 1⅛ அங்குலமாகவும் கீழே 1.5 அங்குலமாகவும் இருக்கும். அதனால் கீழ்ப் பேரிங் மேலுள்ளதைவிடப் பெரியது. அடியை அதிகம் வாங்குவதும் அதுதான், தண்ணீரை அதிகம் குடிப்பதும் அதுதான்.

தண்ணீர் வரும் வழி

மழை மேலிருந்துதானே விழுகிறது, மேல் பேரிங்தானே முதலில் கெட வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சைக்கிள் முன்னால் போகும்போது முன்சக்கரத்தின் பின்பாதி மேல்நோக்கிச் சுழல்கிறது. டயரின் கட்டைகள் அள்ளிய நீரும் சேறும் அந்த வேகத்தில் மேலே வீசப்பட்டு, ஃபோர்க் தலையின் அடியிலும் அது ஹெட் டியூபைச் சந்திக்கும் இடத்திலும் அறைகின்றன. ஃபோர்க் திரும்ப வேண்டுமென்பதால் அங்கே ஒரு மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதைக் காப்பது ஒரு ரப்பர் உதடு மட்டுமே. சேறு அதில் ஒட்டி, காய்ந்து, மறுபடி நனையும்போது அந்த உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. மேலேயுள்ள மூடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே விழுவது வெறும் மழைத்துளிதான், டயர் வீசியடிக்கும் சேறு அல்ல.

அதற்காக மேல் பேரிங்கை நம்பி விட்டுவிடவும் முடியாது. அதன் எதிரி வியர்வை. சைக்கிளை வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில்) பூட்டி மணிக்கணக்கில் மிதிப்பவர்களின் நெற்றியிலிருந்து சொட்டும் உப்புநீர் நேராக ஸ்டெம் மீது விழுந்து, ஸ்டெமுக்கு அடியிலுள்ள ஸ்பேசர் வளையங்களின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். மழையையே பார்த்திராத சைக்கிளின் மேல் பேரிங் இப்படித் துருப்பிடிப்பது உண்டு. பிரேக், கியர் கேபிள்களை ஹெட்செட் மூடி வழியாகவே ஃப்ரேமுக்குள் செலுத்தும் புதிய வடிவமைப்புகளில் இன்னொரு வாசலும் திறந்துவிடுகிறது. பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை என்பதே என் எண்ணம். பேரிங்கை மாற்ற வேண்டிய நாளில் பிரேக் குழாயையே கழற்ற வேண்டி வந்தால் அந்த அழகு சீக்கிரம் கசந்துவிடும்.

மூன்றாவது வழி, நாமே திறந்துவிடும் வழி: கழுவுவது. அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தை ஹெட் டியூபின் பக்கவாட்டில் பிடித்தால் எந்த சீலும் தாங்காது. அந்தச் சீல்கள் தெறிக்கும் நீரைத் தடுக்கச் செய்யப்பட்டவை. பாயும் நீரைத் தடுக்க அல்ல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவுவதும் அவ்வளவு நல்லதல்ல. அப்போது கீழ்ப் பேரிங்கின் இடைவெளி வானத்தைப் பார்த்து நிற்கும். வழியும் நீர் அங்கே தேங்கும். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மழையில் நெடுஞ்சாலையில் போவதும் கிட்டத்தட்ட பீய்ச்சிக் கழுவுவதற்குச் சமம்தான்.

சுழலாத பேரிங்கின் சிக்கல்

அதே தண்ணீரும் சேறும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மீதும் படுகின்றன, அதற்குள்ளும் பேரிங்தான். பிறகு ஹெட்செட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? 29 அங்குலச் சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 145 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் உருண்டு, கிரீஸை வாரி வளையம் முழுவதும் மறுபடி பூசிக்கொண்டே இருக்கின்றன. ஹெட்செட்டோ கதவின் கீல் போல. வளைவுகளில் சில டிகிரி இந்தப் பக்கம், சில டிகிரி அந்தப் பக்கம்; மற்ற நேரமெல்லாம் நேராகவே நிற்கும். முழுச் சுற்று என்பதே அதன் வாழ்நாளில் இல்லை.

அதனால் ஒவ்வொரு குண்டும் வளையத்தில் தனக்கென்று ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. கல்லிலும் வேரிலும் சக்கரம் மோதும்போதெல்லாம் அதே இடத்தில் அடி விழுகிறது. அங்கிருந்த கிரீஸ் ஓரத்துக்குப் பிதுங்கிப் போகிறது; திரும்பி வர வழியில்லை. எஃகும் எஃகும் நேருக்கு நேர் உரசும் அந்தச் சின்னப் புள்ளிக்குள் ஒரு துளி நீர் கசிந்துவிட்டால், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, கடினமானது. பொடியாக உதிர்ந்து, அரத்தூள் மாதிரி வளையத்தைத் தேய்க்கும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு குண்டுக்கும் அடியில் ஒரு குழி விழுந்துவிடும். ஹேண்டில்பாரை நேராக வைக்கும்போது அது தானாகவே 'டக்' என்று நடுவில் போய் உட்காருகிறதே, அது இந்தக் குழிகளின் வேலை. மோதலில் குண்டு வளையத்தை நசுக்கிக் குழியாக்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் குழிக்குக் காரணம் ஒற்றைப் பெரிய அடி அல்ல. கிரீஸ் இல்லாத இடத்தில் நடக்கும் நுண்ணிய உரசலும் துருவும்தான்.

பேரிங் எஃகாயிற்றே, அது ஏன் துருப்பிடிக்கிறது என்ற கேள்வியும் நியாயமானது. வழக்கமான பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும் இருக்கும். கடினத்துக்கு அது போதும், துருவைத் தடுக்கப் போதாது. துருப்பிடிக்கா எஃகு என்று சொல்லவே குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் பேரிங்குகளில் பெரும்பாலும் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். இவை மெதுவாகத் துருப்பிடிக்கும். பிடிக்கவே பிடிக்காது என்று நினைப்பது தவறு. உப்புநீரில் ஊறினால் அவற்றிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். ஈரத்தில் அடிக்கடி ஓட்டுபவர் கீழ்ப் பேரிங்கை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிக்கொள்வது அர்த்தமுள்ள செலவு. செராமிக் குண்டு வைத்த ஹெட்செட் பேரிங் வீண் செலவு. சுழலாத இடத்தில் உருளும் வேகத்தைக் கூட்டி என்ன பயன்? குண்டு செராமிக் என்றாலும் வளையம் எஃகுதான்.

கிரீஸின் உண்மையான வேலை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஹெட்செட்டில் கிரீஸின் முதல் வேலை வழுக்குவது அல்ல, இடத்தை அடைத்துக்கொள்வது. கிரீஸ் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்க முடியாது. துருவுக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் இரண்டும் வேண்டும். கிரீஸ் இரண்டையும் உலோகத்திடமிருந்து பிரித்து வைக்கிறது.

புது சைக்கிளில் கிரீஸ் தாராளமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தொழிற்சாலையில் பேரிங்கின் சீலுக்குள் கொஞ்சம் கிரீஸ் இட்டிருப்பார்கள். பேரிங்குக்கும் கப்புக்கும் நடுவில், பேரிங்குக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க் தலையின் வளையத்துக்கும் நடுவில் பல சமயம் விரல் தொட்டால் ஒட்டாத அளவுக்கே இருக்கும். புது சைக்கிள் வாங்கியவுடன் ஹெட்செட்டைத் திறந்து கிரீஸ் நிரப்பி மூடுவது, பிறகு செய்யும் எந்தப் பராமரிப்பையும்விட அதிகப் பலன் தரும். கடையில் எடுக்கும்போதே இதைச் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம்.

எந்த கிரீஸ்? கெட்டியானதும் நீரில் கரைந்து ஓடாததுமாக இருக்க வேண்டும். படகு டிரெய்லர்களின் சக்கரத்துக்கென்று விற்கும் மரைன் கிரீஸ் இதற்கு மிகப் பொருத்தம். அது தண்ணீரில் மூழ்குவதற்கென்றே செய்யப்பட்டது. கால்சியம் சல்ஃபோனேட் வகை கிரீஸும் நீரையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். டப்பாவில் என்எல்ஜிஐ 2 என்று போட்டிருந்தால் கெட்டித்தன்மை சரியானது. சாதாரண லித்தியம் கிரீஸ் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதையே இடுங்கள். ஒன்றுமில்லாததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு இடுங்கள். எல்லா வகை கிரீஸும் ஒன்றோடொன்று சேராது. சேராத இரண்டு கலந்தால் கூழாகி வழிந்துவிடும்.

இடுக்கில் தெளிக்கும் மெல்லிய ஸ்பிரே எண்ணெய்கள் இந்த இடத்துக்கு ஆகாது. ஹெட்செட் கிறீச்சிடுகிறது என்று அதை அடித்தால் சத்தம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த கிரீஸையும் அது கரைத்து வெளியேற்றிவிடும். அடுத்த மழைக்குப் பேரிங் வெறும் உலோகமாக நிற்கும்.

திறந்து பார்ப்பது

இதற்குத் தேவையானவை ஓரிரு ஆலன் சாவிகள், துணி, கிரீஸ், ஒரு ரப்பர் சுத்தியல். முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். முன்பிரேக்கின் காலிப்பரை (பேட்களைத் தாங்கும் பகுதியை) ஃபோர்க்கிலிருந்து அவிழ்த்து ஓரமாகக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க் கீழே இறங்கும்போது பிரேக் குழாய் இழுபடும். பிறகு ஸ்டெமின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், அடுத்து உச்சியிலுள்ள மூடியின் போல்ட்டைக் கழற்றுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து ஒரு கை எப்போதும் ஃபோர்க்கைப் பிடித்திருக்க வேண்டும். ஸ்டெமை உருவிய பின் அதைத் தாங்க வேறு எதுவும் இல்லை. ஆனால் பல சமயம் அது விழாது. மேல் பேரிங்குக்குள் ஒரு பிளவுள்ள வளையம் ஸ்டியரரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டியரரின் தலையில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

கழற்றும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்குங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்; எந்தச் சாய்வு எந்தப் பக்கம் பார்த்தது என்பதைத்தான் பலர் மறந்துபோகிறார்கள். தலைகீழாகப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது.

இப்போது கீழ்ப் பேரிங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கிரீஸ் தன் நிறத்திலேயே, கொஞ்சம் அழுக்கோடு இருந்தால் கவலை இல்லை. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்து கலந்துவிட்டது என்று பொருள். எஃகு இன்னும் தப்பித்திருக்கலாம். பழுப்புக் கூழாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது. கப்பின் சுவரில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது எஃகின் துரு அல்ல, அலுமினியத்தின் அரிப்பு. எஃகுப் பேரிங்கும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். அந்தப் பொடி பருத்துப் பேரிங்கை இடத்திலேயே பூட்டிவிடும். பிறகு அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு. வெளிவளையத்திலும் கப்பிலும் கிரீஸ் பூசச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

விரலை உள்வளையத்துக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். கனமாக, வழுவழுப்பாகச் சுழன்றால் நல்லது. மணல் அரைபடுவதுபோலத் தோன்றினால் சீலைத் திறந்து பார்க்கலாம். மெல்லிய ஊசியை உள்ஓரத்தில் கொடுத்து நெம்பினால் பல பேரிங்குகளில் சீல் மடங்காமல் வந்துவிடும். பழைய கிரீஸைக் கரைப்பானில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, புது கிரீஸை விரலால் குண்டுகளுக்கு நடுவில் அழுத்தி நிரப்பி, சீலை மறுபடி அழுத்திவிட வேண்டும். சீலைத் திறக்க விருப்பமில்லையென்றால் பேரிங்கைக் கரைப்பானில் முக்காதீர்கள். அழுக்கைக் கரைத்து உள்ளேயே தள்ளிவிடும். வெளியே துடைப்பதோடு நிறுத்துங்கள். குழி விழுந்த பேரிங்கை எந்தக் கிரீஸாலும் காப்பாற்ற முடியாது. அதை மாற்றிவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். வேகமாகச் சுழலும் பேரிங்கில் கிரீஸ் அளவுக்கு மீறினால் சூடும் இழுவையும் வரும். இங்கே அந்தப் பயமே இல்லை. பேரிங் உட்காரும் கப்பில், பேரிங்கின் வெளிப்புறத்தில், சீலின் மேல் ஒரு தடித்த படலமாக, ஃபோர்க் தலையின் வளையத்தில், மேலேயுள்ள பிளவு வளையத்தில், மூடியின் ரப்பர் உதட்டில் என்று எல்லா இடத்திலும் இடுங்கள். ஃபோர்க்கை உள்ளே தள்ளும்போது ஓரத்தில் ஒரு வளையமாக கிரீஸ் பிதுங்க வேண்டும். பிதுங்கியதை வெளியிலிருந்து துடைத்துவிடுங்கள். விட்டால் தூசியைச் சேர்க்கும். ஸ்டியரரில் மெல்லியதாகப் பூசலாம், ஆனால் ஸ்டெம் கவ்வும் பகுதியில் கூடாது. கார்பன் ஃபைபர் ஸ்டியரர் என்றால் அந்தப் பகுதியில் கிரீஸின் வாடையே படக்கூடாது.

உச்சி மூடியின் போல்ட் எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை. பேரிங்கின் ஆட்டத்தை நீக்கும் அளவுக்கு அழுத்துவது மட்டுமே அதன் வேலை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆட்டம் போனதும் நிறுத்தி, பிறகு ஸ்டெமை நேராக்கி, பக்கவாட்டுப் போல்ட்டுகளை ஸ்டெமில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். உச்சி மூடியை அளவுக்கு மீறி முறுக்கினால் தண்ணீர் இல்லாமலேயே பேரிங் கெட்டுவிடும். ஆட்டம் மிச்சமிருந்தாலும் கேடுதான். ஒவ்வொரு குலுங்கலிலும் சீலின் உதடு விலகி விலகிச் சேறை உள்ளே வாங்கும்.

மாதத்துக்கு ஒருமுறை செய்யக்கூடிய சோதனை இன்னும் சுலபம். முன்பிரேக்கைப் பிடித்து, ஹெட் டியூபின் கீழ்விளிம்பில் இரண்டு விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் சிறு அசைவு தட்டுப்பட்டால் ஆட்டம் இருக்கிறது. அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் தட்டக் கூடாது, சிக்கக் கூடாது. கீழ் கப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

வெளியிலிருந்து செய்யக்கூடியவற்றில் எனக்குப் பிடித்தது குட்டை மட்கார்டு. ஃபோர்க்கில் கட்டிவிடும் அந்தப் பிளாஸ்டிக் தகடு முகத்தில் சேறு தெறிக்காமல் இருக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரத்திலிருந்து ஃபோர்க் தலைக்குப் பாயும் நீரைப் பாதி வழியிலேயே அது மடக்கிவிடும். விலையும் எடையும் பொருட்படுத்த வேண்டாதவை. பழைய டியூபை வெட்டி ஹெட் டியூபின் கீழ்வாயைச் சுற்றிப் போர்த்தும் வழக்கமும் உண்டு. சேற்றை அது நன்றாகத் தடுக்கும், ஆனால் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. மாதக்கணக்கில் கழற்றாமல் விடுவதாக இருந்தால் அது வேண்டாம்.

கழுவும்போது சைக்கிளைச் சக்கரத்தில் நிறுத்தி, வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். குழாயைப் பயன்படுத்தினால் நீர் மேலிருந்து மெல்ல வழியட்டும். முடிந்ததும் முன்சக்கரத்தைத் தரையில் இரண்டு மூன்று தடவை குதிக்கவிட்டு, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஹெட் டியூபின் மேலும் கீழும் துணியால் ஒற்றி எடுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். நனைந்த சைக்கிளை உறைபோட்டு மூடிவைப்பது துருவுக்குப் பந்தி விரிப்பதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும் என்பது நீங்கள் ஓட்டும் நிலத்தைப் பொறுத்தது. வறண்ட மண்ணில் மட்டும் ஓட்டுபவருக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலம் முழுக்க ஓட்டுபவர் அது தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் திறக்கலாம். ஓடையை முன்சக்கரம் மூழ்க மூழ்கக் கடந்த நாள் இருந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அந்த வாரமே திறந்துவிடுங்கள்.

மாற்ற வேண்டி வந்தால் முழு ஹெட்செட்டையும் வாங்க வேண்டியதில்லை. பேரிங்கை மட்டும் தனியாக வாங்கலாம். பழைய பேரிங்கின் வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் சிறிய எழுத்தில் அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், பிறகு விளிம்புச் சாய்வுகளின் இரண்டு கோணங்கள். உதாரணமாக 40 × 52 × 7, 45/45 என்று. கோணம் 36/45 என்றும் இருக்கலாம், அளவு ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. துரு எழுத்தைத் தின்றுவிட்டிருந்தால், பழைய பேரிங்கையே கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.